வாகனச் சோதனையில் காவலரின் உயிர்: அச்சம் பாடமாகலாமா?

தணிகைவேல்:
அமெரிக்கக் காவலர் பயிற்சியில் "சாதாரண வாகனச் சோதனை என்று ஒன்று கிடையாது" என்று திரும்பத் திரும்பச் சொல்லித் தருகிறார்கள். 1977-இல் பென்சில்வேனியா எதிர் மிம்ஸ் வழக்கில், ஓட்டுநரை வண்டியிலிருந்து இறங்கச் சொல்லக் காவலருக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும், காவலர்கள் சுடப்பட்ட நிகழ்வுகளில் சுமார் 30 சதவீதம் காரில் அமர்ந்திருந்தவரை நெருங்கியபோது நடந்ததாகக் கூறிய 1963-ஆம் ஆண்டு ஆய்வைச் சான்று காட்டியது. மொத்தம் எத்தனை சோதனைகள் நடந்தன என்று தெரியாமல் இதை ஆபத்தின் அளவாகக் கொள்ள முடியாது. சட்டப் பேராசிரியர் ஜோர்டன் வுட்ஸ் 2019-இல் வெளியிட்ட ஆய்வு, புளோரிடாவின் 200-க்கும் மேற்பட்ட காவல் அமைப்புகளின் பத்தாண்டுத் தரவைப் பார்த்தது. சாதாரணச் சோதனைகளில் 65 லட்சத்துக்கு ஒன்றில்தான் காவலர் கொல்லப்பட்டிருக்கிறார்.

இளமாறன்:
ஐயா, நான் இரவு ரோந்தில் பல ஆண்டுகள் இருந்தவன். கைவிளக்கின் ஒளி பின்கண்ணாடியில் பட்டுத் திரும்ப, ஓட்டுநரின் வலது கை மட்டும் இருக்கைக்குக் கீழே போவதைப் பார்த்து நின்ற நொடியை எந்தச் சராசரியும் எனக்கு விளக்காது. குற்றச் சந்தேகத்தில் நிறுத்திய வண்டிகளை வுட்ஸ் தனியே பிரித்துவிட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். தவிரவும், மரணங்கள் இவ்வளவு அரிதாக இருப்பதற்கு எங்கள் முன்னெச்சரிக்கையே காரணமாக இருக்கலாம்.

தணிகைவேல்:
நீங்கள் சொல்லும் பிரிவினை உண்மை, அந்த எண் அபராதத்துக்குரிய சிறு மீறல்களுக்கே பொருந்தும். ஆனால் முன்னெச்சரிக்கை வேறு, அச்சம் வேறு. அமெரிக்காவின் லூயிவில் நகரில் 2019-இல் காவலர்களுக்குப் பதற்றம் தணிக்கும் பயிற்சியைப் பிரிவு பிரிவாக அளித்தபோது, பலப்பிரயோகம் 28 சதவீதமும், பொதுமக்கள் காயமடைவது 26 சதவீதமும் குறைந்தன. காவலர் காயங்களோ 36 சதவீதம் குறைந்தன. நிதானம் காவலரைப் பலிகொடுக்கும் என்ற வாதம் இதற்குப் பிறகு எப்படி நிற்கும்?

இளமாறன்:
அது ஒரே ஒரு நகரத்தின் அனுபவம், மறுக்கவில்லை, நல்ல அனுபவம்தான். ஆனால் அந்தப் பயிற்சி கற்பிப்பதே தூரம், மறைவு, பொறுமை ஆகியவற்றைத்தானே? 1983-இல் காவல் பயிற்றுநர் டென்னிஸ் டூலர் 21 அடித் தொலைவைக் கத்தியுடன் ஒருவர் சுமார் ஒன்றரை நொடியில் கடப்பார் என்று எழுதியதும் எச்சரிக்கைக்காகவே. பின்னால் வந்த சில பயிற்றுநர்கள் அதைச் சுடுவதற்கான கோடாக மாற்றியது தவறு, அதை ஏற்கிறேன். கைகளைப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் பாடத்திலிருந்து எடுக்க நான் ஒருபோதும் உடன்பட மாட்டேன்.

தணிகைவேல்:
எடுக்க வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. கையைப் பார்த்த பிறகு காவலர் என்ன செய்யப் பழக்கப்பட்டிருக்கிறார் என்பதில்தான் நாம் இன்னும் வேறுபடுகிறோம்.