கொல்லிமலை ஏற்றத்தில் சூடாகும் கார்: ஹெட் கேஸ்கெட்தானா, வேறு ஏதாவதா?

ராசிபுரத்தான்

வணக்கம். 2015 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் ஒன்றைச் சமீபத்தில் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மீட்டரில் 78,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ஊருக்குள் ஓட்டியவரை ஒரு குறையும் தெரியவில்லை. குடும்பத்தோடு கொல்லிமலை போனபோதுதான் வினை. காரவள்ளியில் ஏற ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவில் பாதிகூடத் தாண்டியிருக்க மாட்டோம், சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. முன்னால் ஒரு பஸ், அதன் பின்னாலேயே முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஊர்ந்து போனோம், ஏசியும் ஓடிக்கொண்டிருந்தது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தேன். நன்றாக ஆறிய பிறகு பார்த்தால் ரிசர்வ் டேங்கில் கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) மினிமம் கோட்டுக்கும் கீழே. ஆனால் வீட்டில் வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டுக்கூட விழுந்த தடம் கிடையாது. கையில் இருந்த குடிதண்ணீரை ஊற்றி, மேலே போகாமல் அப்படியே இறங்கிவிட்டோம்.

மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினேன். பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தார், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பாகமான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் சீல்) போய்விட்டது, ஹெட்டை இறக்கி பேஸிங் அடிக்கணும் (அடிப்பரப்பைச் சமமாகச் சீவணும்), 25,000 ரூபாய் ஆகும் என்று சொல்லிவிட்டார். டெஸ்ட் எதுவும் செய்யவில்லை. சைலன்சரில் வெள்ளைப் புகை வரவில்லை, டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருக்கிறது. மைலேஜ் மட்டும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு.

இன்னொன்று, இதற்குச் சம்பந்தம் உண்டா என்று தெரியவில்லை. இந்த வண்டியில் டெம்பரேச்சர் முள் கிடையாது, இன்ஜின் ஆறியிருந்தால் நீல விளக்கு, சூடேறினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். காலையில் எடுத்தால் அந்த நீல விளக்கு அணைய ரொம்ப நேரம் பிடிக்கிறது. பைபாஸில் 80இல் போனால் அணைந்தது திரும்பவும் எரிகிறது. ஹெட்டைத் திறக்கச் சொல்லட்டுமா, வேண்டாமா?

சேலத்து ஸ்பேனர்

தம்பி, ஹெட்டில் யாரையும் கை வைக்க விடாதீர்கள். கடைசியில் சம்பந்தம் உண்டா என்று கேட்டீர்களே, அந்த நீல விளக்கில்தான் விஷயமே இருக்கிறது.

தெர்மோஸ்டாட் வால்வு சரியாக இருந்தால், இன்ஜின் 80 டிகிரியைத் தாண்டும் வரை கூலண்டை ரேடியேட்டர் பக்கம் விடாது. அதனால் சில கிலோமீட்டருக்குள் நீல விளக்கு அணைந்துவிடும், எத்தனை வேகத்தில் போனாலும் திரும்ப வராது. உங்கள் வண்டியில் திரும்ப வருகிறது என்றால் வால்வு திறந்தபடியே மாட்டியிருக்க வேண்டும், இல்லை யாரோ அதைக் கழற்றி எறிந்திருக்க வேண்டும். என் கணக்கு இரண்டாவதுதான். நம் ஊரில் வண்டி சூடாகிறது என்று கொண்டுபோனால் பல பட்டறைகளில் முதலில் செய்கிற வேலை தெர்மோஸ்டாட்டைப் பிடுங்குவது. சூடாவதன் காரணம் அப்படியே இருக்கும், விளக்கு மட்டும் கொஞ்ச காலம் எரியாது. இன்ஜின் எப்போதும் ஆறியே ஓடுவதால் ஈசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) பெட்ரோலைக் கூடுதலாக விடும், உங்கள் மைலேஜ் போவதற்கு அதுவே போதும். சில இன்ஜின்களில் இன்னொரு கெடுதலும் உண்டு. சூடேறியதும் பைபாஸ் வழியை (ரேடியேட்டரைத் தொடாமல் கூலண்ட் சுற்றும் குறுக்கு வழி) அடைப்பதும் இதே வால்வுதான், அது இல்லாவிட்டால் கூலண்டில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சமதரையில் தெரியாது, மலையில் தெரியும். வண்டியின் கோளாறு கோடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் ஒன்றை மாட்டிப் பாருங்கள், இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவில்லை என்று சொல்லும் பி0128 கோட் இருந்தால் கிட்டத்தட்ட உறுதி.

அப்புறம் ரேடியேட்டர் மூடி. இன்ஜின் முழுதாக ஆறிய பிறகு மட்டும் கழற்றுங்கள், சூட்டில் திறந்தால் முகத்தில் அடிக்கும். மூடியில் 0.9 அல்லது 1.1 என்று போட்டிருக்கும், அது தாங்கும் அழுத்தம். அந்த அழுத்தம் நிற்கிற வரை கூலண்ட் 120 டிகிரியிலும் கொதிக்காது. மூடி ரப்பர் வெடித்திருந்தால் 100 சொச்சத்திலேயே கொதித்து ஆவியாக ரிசர்வ் டேங்க் வழியே வெளியேறிவிடும். தரையில் தடம் இல்லாமல் கூலண்ட் குறைவதற்கு இது முக்கியமான காரணம், புது மூடி சில நூறு ரூபாய்க்குள் முடியும். ஃபேனையும் பாருங்கள். ஐடிலில் ஏசியைப் போட்டதும் அது சுற்ற வேண்டும். ஏற்றத்தில் ஊர்ந்து போகும்போது எதிர்க்காற்று கிடையாது, முழுக்க ஃபேனை நம்பித்தான் இன்ஜின் ஓடுகிறது.

கரூர் லேத்

அண்ணன் சொன்ன வரிசை சரிதான், ஆனால் கேஸ்கெட்டை இப்போதே ஒதுக்கிவிட முடியாது. தெர்மோஸ்டாட்டைக் கழற்றியிருந்தால் உங்களுக்கு முன்னாலேயே இந்த வண்டி சூடாகியிருக்கிறது என்றுதான் அர்த்தம், அலுமினிய ஹெட் ஒருமுறை நன்றாகச் சூடானாலே வளைந்துவிடலாம். டிப்ஸ்டிக் சுத்தமாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். கேஸ்கெட் ஆயில் பாதைப் பக்கம் போனால்தான் ஆயில் பால் விட்ட டீ மாதிரி ஆகும். சிலிண்டருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் நடுவில் மட்டும் லேசாகப் போனால் ஆயிலில் ஒன்றும் தெரியாது.

ஹெட்டை இறக்காமலே இதைக் கண்டுபிடிக்கலாம். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ரேடியேட்டரின் மேல் ஹோஸைப் பிடித்துப் பாருங்கள், மெத்தென்று இருக்கும். ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள், தண்ணீர் இன்னும் சூடாகாதபோதே அது கல் போல இறுகினால், சிலிண்டர் காற்று உள்ளே வருகிறது. அதைவிட உறுதியானது பிளாக் டெஸ்ட்: ரேடியேட்டர் வாயில் ஒரு குழாயை வைத்து உள்ளே இருக்கும் காற்றை நீல நிறத் திரவம் வழியாக இழுப்பார்கள், எரிந்த வாயு கலந்திருந்தால் பெட்ரோல் வண்டிக்கு அது மஞ்சளாக மாறும். நாமக்கல்லில் லாரிகள் தயவில் ரேடியேட்டர் கடைக்குப் பஞ்சமே இல்லை, நாலு இடம் விசாரித்தால் செய்து தருவார்கள். அழுத்தம் ஏற்றிக் கசிவு தேடும் பிரஷர் டெஸ்டும் கேளுங்கள். அப்போது வாட்டர் பம்பின் அடியில் உள்ள சின்னத் துளையை டார்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், காய்ந்த கூலண்ட் கறை இருந்தால் பம்ப் சீல் கசிகிறது. சூடான இன்ஜின் மேலேயே காய்ந்துவிடுவதால் அதுவும் தரைக்கு வராது.

ராசிபுரத்தான்

இருவருக்கும் மிக்க நன்றி. நாமக்கல்லில் ஒரு ரேடியேட்டர் கடையில் எல்லாம் பார்த்தாயிற்று. ஸ்கேனரில் பி0128 இருந்தது. ஹவுசிங்கைக் கழற்றினால் உள்ளே தெர்மோஸ்டாட்டே இல்லை, வெறும் ஓட்டை. மூடியின் ரப்பர் வட்டமாக வெடித்து, விரலால் தொட்டதும் துண்டாகக் கையோடு வந்தது. பிளாக் டெஸ்டில் திரவம் கடைசி வரை நீலமாகவே இருந்தது, ஹோஸும் இறுகவில்லை. பம்பில் கறை இல்லை, ஃபேன் சுற்றுகிறது. ரேடியேட்டரைத் திறந்துவிட்டபோதுதான் வயிற்றைக் கலக்கியது, துருவும் உப்பும் கலந்த செந்நிறத் தண்ணீர் வந்தது. கூலண்டே இல்லை, யாரோ போர் தண்ணீரை ஊற்றியே ஓட்டியிருக்கிறார்கள். ரேடியேட்டர் குழாய்களில் கீழ் வரிசை பாதி அடைப்பு. வேறு ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், மூடி, கூலண்ட், கூலி எல்லாம் சேர்த்தும் 9,000க்குள் முடியும் என்கிறார்கள். நாளை மாட்டுகிறார்கள்.

சேலத்து ஸ்பேனர்

நல்லது தம்பி. மாட்டும்போது கூட நில்லுங்கள். புது ரேடியேட்டர் போடுவதற்கு முன் இன்ஜின் பிளாக்கைத் தெளிந்த தண்ணீர் வரும் வரை ஃப்ளஷ் செய்ய வேண்டும், இல்லையென்றால் அந்தத் துரு புதியதையும் அடைத்துவிடும். கான்சன்ட்ரேட் கூலண்ட் வாங்கினால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி, ரெடி மிக்ஸ் என்றால் அப்படியே. நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி நிறுத்தி, மூடியைத் திறந்து வைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டு, ஃபேன் ஒருமுறை ஓடி நிற்கும் வரை ஐடிலில் விடச் சொல்லுங்கள். குமிழி நின்ற பிறகு மூடலாம். உள்ளே காற்று தங்கினால் எல்லாம் புதிதாக இருந்தும் சிவப்பு விளக்கு வரும், அதைப் பார்த்து யாராவது மறுபடியும் கேஸ்கெட் என்பார்கள். முதல் வாரம் தினமும் காலையில் ரிசர்வ் டேங்கைப் பாருங்கள், கொஞ்சம் இறங்கினால் நிரப்பிக்கொள்ளலாம். ஒரு வாரத்துக்கு மேலும் இறங்கிக்கொண்டே இருந்தால் இங்கே வந்து எழுதுங்கள்.