காக்கா வடை கதையை ஸ்பானிஷில் சொன்னபோது: உங்களுக்கு என்ன நடந்தது?

காட்பாடி மொட்டைமாடி

மூன்று வாரமாகிறது, இன்னும் மனசு ஆறவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தருகிறேன். ஏழிலிருந்து ஒன்பது வயது. ஏன் ஸ்பானிஷ் என்று, பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லித் தரும் நம் குழுவில் யாரும் கேட்க மாட்டீர்கள், அதை விடுகிறேன். முதல் ஆறு மாதம் நிறம், எண், பழம், விலங்கு, உடல் உறுப்பு என்று அட்டை அட்டையாகப் போனது. நூற்றி இருபது சொல்லை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள்.

அன்றைக்குத்தான் முதல் கதை. நம் பாட்டி வடை சுட்ட கதையேதான். கறுப்பு சார்ட்டில் வெட்டிய காக்கா, அதன் மூக்கில் நூல் கட்டித் தொங்கவிட்ட நிஜ உளுந்து வடை. நரி வந்து கீழே நின்றதும் நிறுத்தி, "இப்போ என்ன?" என்று கேட்டேன். எட்டு வயதுப் பெண் ஒருத்தி துள்ளி எழுந்து கையை நீட்டினாள். "நெக்ரோ!" என்றாள். கறுப்பு. அப்புறம் வாய் திறந்தபடியே நின்றாள். "நெக்ரோ..." கண் என் வாயையே பார்க்கிறது. அவள் சொல்ல வந்தது எனக்குப் புரிகிறது: நரிக்கு வடை வேணும், காக்கா தர மாட்டேங்குது. அதற்கு வேண்டிய ஒரு வினைச்சொல்லைக்கூட நான் கொடுத்திருக்கவில்லை. நீட்டிய கை மெல்ல இறங்கியது. உட்கார்ந்து, பக்கத்துப் பையனிடம் மொத்தக் கதையையும் தமிழில், கையை ஆட்டி ஆட்டி, அவ்வளவு அழகாகச் சொன்னாள்.

அந்தக் கை இறங்கியதுதான் திரும்பத் திரும்பக் கண்ணில் நிற்கிறது. கதைக்கு நீங்கள் எந்தச் சொற்களை முதலில் எடுத்தீர்கள்?

சத்துவாச்சாரி அம்மா

என்னுடையது சின்ன விஷயம். வீட்டில் என் பெண்ணுக்கும் அண்ணன் பையனுக்கும் மட்டும் சொல்லித் தருகிறேன். "லா நின்யா வா அ லா காசா", பெண் வீட்டுக்குப் போகிறாள். "வா" என்னும்போது வாசல் பக்கம் கையைக் காட்டினேன். ஐந்து வயது அண்ணன் பையன் நேரே வந்து என் மடியில் உட்கார்ந்துவிட்டான். மறுபடி "வா" என்றேன். இன்னும் நெருங்கி ஒட்டிக்கொண்டான். அவன் மேல் என்ன தப்பு? பிறந்ததிலிருந்து வா என்றால் வந்துதான் பழக்கம். அங்கே போவதற்கு அல்லவா "வா"!

அன்றைக்கு அதை ஒதுக்கிவிட்டு "தா"வை எடுத்தேன். கொடுக்கிறாள் என்பதற்கு ஸ்பானிஷில் "தா", எனக்குக் கொடு என்றால் "தாமே". வாழைப்பழம் அவன் கையில் இருந்தது. "தாமே" என்று கை நீட்டினேன், உடனே பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். எந்தப் பட்டியலிலும் இது இருக்காது. தமிழ்க் காதில் எது சட்டென்று ஏறும், எது இடறும் என்று நாம்தான் பார்த்து எடுக்கணும்.

ஆம்பூர் தோல்காரர்

காட்பாடி மேடம், அந்த நூற்றி இருபது சொல்லும் வீண் போகாது என்று ஆறுதல் சொல்லலாம். ஆனால் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

நான் ஷூ ஏற்றுமதியில் இருக்கிறேன். ஸ்பெயினில் அலிகாந்தே மாகாணத்தில் எல்ச்சே என்று ஓர் ஊர், நம் ஆம்பூர் மாதிரி காலணித் தொழிலுக்குப் பேர்போனது. அங்கே ஒருவர் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அவர் பையனுக்கு மூன்று வயது இருக்கும். பந்து சோபாவுக்கு அடியில் போய்விட்டது. இரண்டு கையையும் விரித்து "நோ எஸ்தா" என்றான். காணோம். குனிந்து பார்த்து "அகி எஸ்தா!", இங்கே இருக்கு. கை எட்டவில்லை, என்னைப் பார்த்து "தாமே, தாமே". நான் தரையில் படுத்து எடுத்துக் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் அவன் பேசியது எல்லாம் பத்துப் பன்னிரண்டு சொல்லுக்குள் முடிந்துவிட்டது. ஒரு நிறத்தின் பெயர்கூட வரவில்லை. அவன் சொன்ன அத்தனையும் மறுநாள் காலை தொழிற்சாலையில் எனக்கே தேவைப்பட்டது.

இனி நீங்கள் கேட்காத விஷயம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கதை வழியாக மொழி சொல்லித் தருபவர்கள் ஏழு வினைகளை முதலில் எடுப்பார்கள். ஒன்று உண்டு என்பதற்கு "அய்", ஓர் இடத்தில் இருப்பதற்கு "எஸ்தா", இன்னார், இன்னது என்பதற்கு "எஸ்", வைத்திருப்பதற்கு "தியேனே", வேண்டும் என்பதற்கு "கியேரே", போவதற்கு "வா", ஒன்று பிடித்திருக்கிறது என்பதற்கு "லே குஸ்தா". இந்த ஏழை வைத்து எந்தக் கதையையும் தொடங்கிவிடலாம். யாரோ ஒருத்தர் இருக்கிறார், அவரிடம் ஒன்று இல்லை, அது வேணும், தேடிப் போகிறார். முக்கால்வாசிக் கதை இதுதானே?

நமக்குச் சிக்கல் வேறு இடத்தில். இதே வடை கதையின் முதல் மூன்று வரியைப் பாருங்கள். ஒரு காக்கா இருக்கு. அது மரத்துல இருக்கு. அதுகிட்ட வடை இருக்கு. தமிழில் மூன்றுக்கும் ஒரே "இருக்கு". ஸ்பானிஷில் முதலாவது "அய்", இரண்டாவது "எஸ்தா", மூன்றாவது "தியேனே". இதை விளக்கம் சொல்லிப் புரியவைக்க முடியாது. அய் என்றால் கையை விரித்துக் காட்டுவது, எஸ்தா என்றால் விரலால் இடத்தைத் தொடுவது, தியேனே என்றால் மார்போடு அணைத்துக்கொள்வது. இப்படி மூன்று சைகை வைத்து மூன்றையும் ஒரே கதையில் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். "எஸ்" மட்டும் சுலபம். "அவள் டீச்சர்" என்று சொல்லும்போது தமிழில் வினையே கிடையாது, அந்தக் காலியிடத்தில் உட்காருவதுதான் "எஸ்".

அப்புறம், அதிகம் புழங்கும் சொற்களின் வரிசையைப் பார்த்து அப்படியே எடுத்துவிடாதீர்கள். அதில் முன்னால் நிற்பவை "எல்", "தே", "கே", "இ" மாதிரி ஒட்டுச் சொற்கள். அவற்றைப் படம் வரைந்து காட்ட முடியாது. வரிசையில் கொஞ்சம் தள்ளி வரும் வினைகள்தான் நமக்கு. ஒரு கதைக்குப் புதிதாக மூன்று தொடர் போதும்.

பெயர்ச்சொல்லுக்கு ரொம்ப அலைய வேண்டாம், வீட்டிலேயே கிடக்கிறது. மேசைக்கு "மேசா", அலமாரிக்கு "அர்மாரியோ", துவாலைக்கு "தோவாயா". போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்த சொற்கள் இவை, ஸ்பானிஷ் அந்த மொழிக்கு உடன்பிறப்பு. எங்கள் தொழிலிலேயே ஒன்று உண்டு. காலணிக்குப் பழைய தமிழில் சப்பாத்து, ஸ்பானிஷில் "சபாத்தோ". பப்பாளியைச் சொல்லவே வேண்டாம், "பப்பாயா".

செய்யாறு பேரன்

ஆம்பூர் அண்ணா, சைகை யோசனை அருமை. ஆனால் எல்ச்சேவில் பிறந்த பிள்ளையை வைத்து நம் பிள்ளைகளுக்கு அளவு எடுக்காதீர்கள். அவனுக்குக் காலையில் கண் விழித்ததிலிருந்து அந்தப் பேச்சு. காட்பாடி அக்காவின் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு மணி நேரம். எந்தச் சொல் என்பதில் பாதிதான் விஷயம். அந்த ஒரு மணி நேரத்தில் அது எத்தனை தடவை காதில் விழுகிறது என்பதையும் பார்க்கணும்.

எங்கள் தாத்தா கூத்தில் கட்டியங்காரன் வேஷம் கட்டியவர். ஊர் புரிசைக்குப் பக்கம், அந்தக் காலத்து வட ஆற்காடு. ராஜா திரைக்குப் பின்னால் நிற்பார், கட்டியங்காரன் விடமாட்டான். யாரு நீ? ராஜாவா? எந்த ஊரு ராஜா? அஸ்தினாபுரத்து ராஜாவா, இல்லை வேற ஊரா? ராத்திரி பத்து மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பாயில் கிடக்கும் சின்னப் பிள்ளைக்குக்கூட, திரை விலகுவதற்குள் வருவது யார், எந்த ஊர் என்று மனப்பாடமாகிவிடும்.

கலிபோர்னியாவில் ஸ்பானிஷ் ஆசிரியராக இருந்த பிளெயின் ரே கதை வழியாகக் கற்பிக்கும் முறையை உருவாக்கினார் என்று படித்தபோது எனக்குத் தாத்தா ஞாபகம்தான் வந்தது. அதிலும் இதே வேலைதான். காக்காவிடம் வடை இருக்கிறதா? ஆமாம். நரியிடம் இருக்கிறதா? இல்லை. காக்காவிடமா, நரியிடமா? யாரிடம் இருக்கிறது? ஒரே "தியேனே" பத்துத் தடவை வந்துவிடும், பிள்ளைக்கு அலுப்புத் தட்டாது.

என் அக்கா பையனோடு நாய்க் கதை சொன்னேன். நாய் "பெர்ரோ", ஆனால் என்பதற்கு "பேரோ". நம் பக்கத்தில் ரகரமும் றகரமும் பேச்சில் ஒன்றாகிவிட்டதால் அவனுக்கு இரண்டும் ஒன்றுதான். "நாய்க்குப் பசி, ஆனால் சோறு இல்லை" என்றேன். "ரெண்டாவது நாய் எங்கே மாமா?" என்று கட்டிலுக்கு அடியில் தேடப் போய்விட்டான். அந்த இரண்டு சொல்லையும் ஒரே கதையில் வைத்திருக்கக் கூடாது, இன்றைக்கும் உறுத்துகிறது.

ராணிப்பேட்டை

ஏழில் கடைசியாக "லே குஸ்தா"வைச் சொன்னீர்களே, நம் பிள்ளைகளுக்கு அதுதான் முதலில் வரணும். என் பெண்ணுக்கு வகுப்பில் ஆங்கிலம் வழியாகச் சொல்லித் தந்தார்கள். நான் விரும்புகிறேன் என்று ஆளை முன்னால் வைத்து. அவள் "யோ குஸ்தோ" என்று எழுதினாள், தப்பு. மறுபடி எழுதினாள், மறுபடி தப்பு. நோட்டில் பேனா அழுத்தி அழுத்தித் தாளே கிழிந்திருந்தது.

எங்கள் அம்மா பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். என்னடி அழுகை என்றார். "மெ குஸ்தா" என்றால் என்ன அர்த்தம் பாட்டி, அதுதான் புரியலை என்றாள் இவள். நான் "எனக்குப் பிடிக்கும்" என்றேன். அம்மா சாதாரணமாக, "ஆமா, எனக்குத்தான், நான் பிடிக்கும்னு யாராச்சும் சொல்லுவாங்களா?" என்றார். பெண் அழுகையை நிறுத்திவிட்டாள். மெ என்றால் எனக்கு, லே என்றால் அவளுக்கு. அவ்வளவுதான், முடிந்தது. தமிழில் நேராக இருக்கும் வழியை விட்டுவிட்டு ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போய் அவளை இரண்டு மாதம் அழவைத்திருக்கிறோம். கோபம் இன்னும் போகவில்லை.

வேலப்பாடி

நடுவில் ஒரு எச்சரிக்கை. கதையில் காக்காவைத் தமிழிலேயே "காக்கா" என்று விட்டுவிடாதீர்கள். மாட்ரிடில் இருக்கும் தங்கையோடு வீடியோவில் பேசும்போது என் பையன் பெருமையாக "காக்கா தியேனே வடை" என்றான். பக்கத்தில் இருந்த அவள் தோழி முகம் மாறிவிட்டது. நம் குழந்தைகள் கக்கா என்று எதைச் சொல்கிறார்களோ, அதற்கேதான் அங்கேயும் அந்தச் சொல். பையன் இரண்டு நாள் ஸ்பானிஷ் பேச மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். "குவேர்வோ" என்றே சொல்லுங்கள். வடை வடையாகவே இருக்கட்டும், அங்கத்திய காக்கா கதையில் வருகிற மாதிரி அதைப் பாலாடைக்கட்டி ஆக்க வேண்டாம்.

காட்பாடி மொட்டைமாடி

எல்லாருக்கும் நன்றி. வேலப்பாடி சொன்னது நல்லவேளை, நான் குவேர்வோதான் சொன்னேன்.

நேற்று அதே கதையை மறுபடி எடுத்தேன். அட்டை எதுவும் இல்லை. ஆம்பூர் சார் சொன்ன மூன்று சைகை, செய்யாறு தம்பி சொன்ன கேள்விகள். "வா"வுக்குப் பதில் கதையில் "தா". ஒரு மணி நேரத்தில் கதை பாதிதான் நகர்ந்தது. மாடித் தரைச் சூடு ஆறும்வரை உட்கார்ந்திருந்தோம்.

அந்தப் பெண் எழுந்தாள். "எல் சொர்ரோ கியேரே வடை" என்றாள். நரிக்கு வடை வேணும். "எல் குவேர்வோ நோ தா." காக்கா தரவில்லை. பிள்ளைகள் எல்லாரும் கத்தினார்கள். நான் முடிந்தது என்று நினைத்தேன். அவள் உட்காரவில்லை. மறுபடி அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தாள். அப்புறம் தமிழில் கேட்டாள்: "மிஸ், ஏமாத்திடுச்சுன்னு எப்படிச் சொல்றது?"

ஏழிலும் அது இல்லை, வேறு எந்தப் பட்டியலிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சொல் இல்லாமல் அந்தக் கதையே இல்லை. தண்ணீர்த் தொட்டி மேல் சாக்பீஸால் பெரிதாக எழுதினேன்: "எங்கான்யா", ஏமாற்றுகிறது. படி இறங்கும்போதே ஒருத்தரை ஒருத்தர் அதைச் சொல்லிச் சண்டை போட்டுக்கொண்டு போனார்கள்.