சட்டைக் கை ஏற்றினால் தோளில் சுருக்கம்: வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். மும்பை மாட்டுங்காவில் இருக்கிறேன். வீட்டுக்காரருக்குச் சட்டை தைத்துப் பழகுகிறேன், இது மூன்றாவது.

முதலாவதுக்கு மங்கள்தாஸ் மார்க்கெட்டில் வாங்கிய காட்டன் துணியை நனைக்காமலே வெட்டிவிட்டேன். ஒரே சலவையில் சுருங்கி, இப்போது மகன் போட்டுக்கொள்கிறான். இரண்டாவதில் இரண்டு கையையும் ஒரே பக்கத்துக்கு வெட்டித் தொலைத்தேன். (சிரிக்காதீர்கள், அப்போது ராத்திரி 11 மணி.)

இந்த முறை துணியை நனைத்து, இஸ்திரி போட்டுத்தான் வெட்டினேன். கேன்வாஸ் ஒட்டிய காலர்கூட ஒழுங்காக வந்துவிட்டது. கை ஏற்றும்போதுதான், அதாவது கைத் துணியைச் சட்டையோடு சேர்த்துத் தைக்கும்போதுதான், தோளில் சுருக்கம். அளந்து பார்த்தால், கையின் மேல் வளைவு ஆர்ம்ஹோலைவிட (சட்டையில் கை சேரும் வளைவு) ஒன்றேகால் அங்குலம் அதிகம். ஆண்கள் சட்டைக்கு அரை அங்குலத்துக்கு மேல் கூடாது என்கிறார் மேல்வீட்டு மாமி.

சரி, இனி என்ன செய்யலாம்? கையின் வளைவு உயரத்தைக் குறைக்கவா, அக்குளை இறக்கி வெட்டவா? இறக்கினால் கையைத் தூக்கும்போது சட்டையே மேலே ஏறுமோ என்று பயம். பக்கத் தையல் இன்னும் போடவில்லை. ஆனால் மிச்சத் துணி கைக்குட்டை அளவுக்குத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக்குள் சொன்னால் நல்லது. ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இதைத்தான் போடுவேன் என்று அவர் அடம்பிடிக்கிறார்.