ஹெவி லைசென்ஸ் தேர்வு: மேட்டில் லாரியை நிறுத்தி எடுக்க எப்படிப் பழகுவது?

அம்பை வட்டாரத்தான்:
அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 22. இலகுரக வாகன உரிமம் பெற்று ஓராண்டுக்கு மேல் ஆகிறது. குட்டி யானை எனும் சிறிய சரக்கு வண்டியில் வாழைத்தார் ஏற்றி நயினார்குளம் சந்தைக்குப் போய்வருகிறேன். தூத்துக்குடித் துறைமுகத்திற்கும் கங்கைகொண்டான் சிப்காட்டிற்கும் ஓடும் லாரிகளில் சேர வேண்டும் என்பது நெடுநாள் விருப்பம். ஏழாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியது தடையாகுமா? எழுத்துத் தேர்வு எப்படி இருக்கும்? எல்லாவற்றையும் விட, மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டுவிடுமோ என்ற தயக்கம்தான் பெரிதாக இருக்கிறது. அனுபவம் உள்ள அண்ணாச்சிமார் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பாளை பயிற்றுநர்:
படிப்பு தடையில்லை தம்பி. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019-இலேயே நீக்கப்பட்டுவிட்டது. 20 வயது நிறைந்திருக்க வேண்டும், இலகுரக உரிமம் ஓராண்டாவது கையில் இருந்திருக்க வேண்டும் என்ற இரண்டும் உங்களுக்குப் பொருந்துகின்றன. மருத்துவச் சான்றுக்குப் படிவம் 1ஏ தேவை. கடுமையான நிறக்குருடு இருக்கிறதா, பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா என்றெல்லாம் அதில் மருத்துவர் எழுத வேண்டும் என்பதால், பார்வையில் ஐயம் இருந்தால் முன்னதாகவே கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வில் 60 விழுக்காடு சரியாக இருந்தால் தேர்ச்சி. சாலைக் குறியீடுகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட, வட்டத்துக்குள் இருப்பவை கட்டளை, முக்கோணத்துக்குள் இருப்பவை எச்சரிக்கை, செவ்வகத்தில் இருப்பவை தகவல் என்று வகை பிரித்துக்கொண்டால் நினைவில் நிற்கும். எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். 30 நாள் கழிந்த பிறகே ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். முதல் முறை தேறாவிட்டால் ஏழு நாள் கழித்து மீண்டும் வரலாம் என்பதால் பதற்றம் வேண்டாம்.

பொருநை ஓட்டுநர்:
மேட்டைப் பற்றிக் கேட்டீர்கள், நல்ல கேள்வி. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்திவிட்டு, பின்னால் உருளாமல் மீண்டும் எடுக்க வேண்டும் என்பது தேர்வு விதியிலேயே இருக்கிறது. பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) அதைக் கேட்கத்தான் செய்வார்.

குட்டி யானையில் பழகியவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது ஏர் பிரேக்கை. பெரிய லாரியில் ஹேண்ட் பிரேக் போடும்போது பின்சக்கரங்களைப் பிடித்து நிறுத்துவது ஸ்பிரிங். அந்தப் பிடியை விடுவிப்பதுதான் காற்று. ஆகவே எஞ்சினை ஓட விட்டு, காற்றழுத்த மீட்டரின் முள் போதிய அளவுக்கு ஏறி, எச்சரிக்கை ஒலி நிற்கும் வரை வண்டியை நகர்த்த நினைக்கவே கூடாது. காலையில் ஏர் டேங்கில் தேங்கிய தண்ணீரைத் திறந்துவிடும் பழக்கத்தையும் இப்போதே கற்றுக்கொள்ளுங்கள்.

மேட்டில் எடுக்கும்போது ஹேண்ட் பிரேக்கில் வண்டி நிற்கட்டும். முதல் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரைச் சற்றே கொடுத்து, கிளட்சை மெல்ல மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சினின் சத்தம் கனத்து இறங்கும். கேபின் லேசாக அதிரும். அங்கேயே காலை நிறுத்திக்கொண்டு, அதன் பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுவித்தால் வண்டி முன்னோக்கித்தான் நகரும். அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதற்குக் காதுதான் உதவும். முதலில் வெற்று வண்டியில், சிறிய ஏற்றத்தில், பயிற்றுநர் பக்கத்தில் இருக்கப் பழகுங்கள். மைதானத்தில் எட்டு போடுவதோடு பயிற்சியை முடித்துவிடும் பள்ளியாக இருந்தால் மேட்டுப் பயிற்சியைக் கேட்டு வாங்குங்கள். அதற்கும் சேர்த்துத்தான் கட்டணம் கொடுக்கிறீர்கள்.

இறக்கம் இதைவிடக் கடினமானது என்பதையும் சொல்ல வேண்டும். புளியரை எஸ் வளைவில் பாரத்தோடு இறங்கும்போது கால் பிரேக்கையே அழுத்திக்கொண்டு வந்தால் பிரேக் டிரம் சூடேறி, அழுத்தியும் பிடிக்காத நிலை வந்துவிடும். இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கை (புகை வெளியேறும் வழியை அடைத்து எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பது) பயன்படுத்த வேண்டும். டீசல் மிச்சமாகும் என்று யார் சொன்னாலும் நியூட்ரலில் விடாதீர்கள். மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முதலுரிமை என்பது எழுத்துத் தேர்வுக்கும் உதவும், சாலைக்கும் உதவும். ஆடி மாதக் காற்றில் பணகுடி, காவல்கிணறு பக்கம் வெற்றுக் கண்டெய்னரோடு போகும்போது வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

அம்பை வட்டாரத்தான்:
மிக்க நன்றி அண்ணாச்சி. ஏர் பிரேக்கை இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. இன்னொன்று: ஹெவி லைசென்ஸ் கிடைத்தவுடன் பெட்ரோல் டேங்கர் ஓட்டலாமா?

பாளை பயிற்றுநர்:
உடனே ஓட்ட முடியாது. அபாயகரமான சரக்குகளுக்கெனத் தனியாக மூன்று நாள் பயிற்சி முடித்து, உரிமத்தில் அதற்கான குறிப்பைப் பதிந்துகொள்ள வேண்டும். ஒரு இந்திய மொழியோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அங்கே நிபந்தனை. ஆகவே ஆங்கிலத்தை இப்போதிருந்தே சிறிது பழகி வாருங்கள். போக்குவரத்து வாகன உரிமம் ஐந்தாண்டு செல்லும். அபாயகரமான சரக்குக்கு மூன்றாண்டுதான். முதலில் சிமெண்ட், உப்பு போன்ற பாரங்களில் சில காலம் ஓட்டிக் கை பழகிய பிறகு டேங்கருக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து.