சிஃப்னியைக் கையில் பிடித்தபோது

இங்கிலாந்தின் குதிரைப் பந்தய ஊரான நியூமார்க்கெட்டின் லாயங்களில் "அந்த சிஃப்னியை எடு" என்ற குரல் கேட்காத காலை இருக்காது. மெல்லிய உலோக வளையம்தான் அது. குதிரையின் வாய்க்குள் போகும் பகுதி கீழ்நோக்கி வளைந்து நாக்கின் மேல் உட்காரும். சவாரிக்கு ஆகாது. முன்னங்காலைத் தூக்கி எழும்புகிற குதிரையைக் கையில் பிடித்து நடத்தத்தான். அக்டோபரில் டாட்டர்சால்ஸ் என்ற நிறுவனத்தின் குதிரை ஏலத்துக்கு வரும் ஒரு வயதுக் குட்டிகள் பலவற்றின் வாயில் இதைப் பார்க்கலாம்.

எனக்கு வாய்த்தது ஒரு முரட்டு ஆண் குட்டி. லாரியை விட்டு இறங்கியதுமே எழும்பி நின்றான். பக்கத்தில் இருந்த ஐரிஷ்காரப் பெரியவர், "கயிற்றைத் தளர்த்தி விடு, தொங்காதே" என்றார். பயத்தில் நாம் தொங்கினால், வலி தாங்காமல் குதிரை மல்லாக்கவே விழுந்துவிடும். இதை மாட்டிய குதிரையை எங்கும் கட்டிப் போடவும் கூடாது. கயிற்றைத் தளர்த்தியதும் பையன் இறங்கி நடந்தான். அப்புறம் என் தோளைக் கடிக்கப் பார்த்தான், அது வேறு கதை.

சிஃப்னி என்பது ஒருவருடைய குடும்பப் பெயர் என்று சொன்னவரும் அந்தப் பெரியவர்தான். சாமுவேல் சிஃப்னி, 1789இல் டெர்பி, ஓக்ஸ் என்ற இரண்டு பெரிய பந்தயங்களையும் ஜெயித்த ஜாக்கி. தன் திறமையைத் தானே புத்தகம் போட்டுப் புகழ்ந்துகொண்ட ஆள். ஆனாலும் கடிவாள வாரை, அறுந்துவிடுமோ என்று பயந்து பிடிக்கும் பட்டு இழைபோலப் பிடிக்க வேண்டும் என்று எழுதியவரும் அவரேதான். அவர் பெயர் போயும் போயும் இந்த வளையத்தில் வந்து ஒட்டிக்கொண்டது!

1791 அக்டோபரில் வேல்ஸ் இளவரசரின் 'எஸ்கேப்' குதிரையில் ஏறினார். முதல் நாள் கடைசியாக வந்தது, மறுநாள் ஜெயித்தது. மறுநாள் பந்தயம் கட்டிப் பணம் பார்க்க, முதல் நாள் குதிரையை வேண்டுமென்றே இழுத்துப் பிடித்தார் என்று ஊரே பேசியது. முதல் நாள் 2 மைல், மறுநாள் 4 மைல். நீண்ட ஓட்டம் பொருந்துகிற குதிரைகள் உண்டு என்பதால் அவரை உடனே திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பந்தயங்களை நிர்வகித்த ஜாக்கி கிளப்பின் சர் சார்லஸ் பன்பரியோ, சிஃப்னி ஏறினால் உங்களோடு யாரும் போட்டிக்கு வரமாட்டார்கள் என்று இளவரசரிடமே சொல்லிவிட்டார். இளவரசர் தன் குதிரைகளை விற்றார். சிஃப்னிக்கு ஆண்டுக்கு 200 கினி (அந்தக் காலத்து ஆங்கில நாணயம்) உதவித்தொகை கொடுத்தார். அதைப் பெறும் உரிமையையும் பிற்பாடு ஒரு மொத்தத் தொகைக்கு விற்றுவிட்டார் சிஃப்னி.

அடங்காத குதிரைகளுக்கென்று அவர் ஒரு கடிவாளம் வடிவமைத்திருந்தார். அதன் தொடர்பில் லாச்ஃபோர்டு என்ற சேணக்காரருக்கு 350 பவுண்டு பாக்கி. கட்ட முடியாமல் லண்டன் ஃப்ளீட் கடன்சிறைக்குப் போய், 1807இல் அங்கேயே இறந்தார்.