பொம்பளைக்கு ஆம்பிளை வெட்டுக் கோட்: தைச்சுத் தரமாட்டன் எண்டுறாங்க

நாவலடி_அலை:
ஒபிஸ் விழாவுக்கு கோட்டும் களிசானும் தைப்பம் எண்டு மட்டக்களப்பு டவுனில ஒரு கடைக்குப் போனன், தோள் நேரா இடுப்பு பிடிக்காம ஆம்பிளைக் கோட் மாதிரி வேணும் எண்டன், அளவெல்லாம் எடுத்து முடிச்சு மறுகா சொல்றார் "புள்ள, இடுப்புல டாட், அதான் துணியை ஒடுக்கிப் பிடிச்சுத் தைக்கிற மடிப்பு, இல்லாட்டி சாக்கு மாதிரி நிக்கும், நான் தைக்கமாட்டன்" எண்டு. ஈவ் செயின் லோரன் எண்ட பிரெஞ்சு டிசைனர் 1966லயே பரிஸ் நகரத்தில பொம்பளைகளுக்கு டக்சீடோ, அதான் ஆம்பிளைகள் ராவிருந்துக்குப் போடுற கோட்சூட், வெட்டினவர், லெ ஸ்மோக்கிங் எண்டு பேர். இங்க இன்னும் ஏலாதாம்!

பழைய_கத்தரி:
மகள், அவர் சொன்னதில பிழை இல்ல. நீங்க சொல்ற லெ ஸ்மோக்கிங் ஆம்பிளைக் கோட்டை அப்பிடியே தூக்கி மாட்டினது இல்ல, பொம்பளை உடம்புக்கு இடுப்பை ஒடுக்கி வெட்டினது. ஆம்பிளை பட்டர்னை வச்சு வெட்டினா நெஞ்சில இழுக்கும், பட்டன் பூட்டினா முன்பக்கம் வாய் பிளக்கும், கமுக்கட்டில மடிப்பு விழும். டிசைனர் பேரைச் சொல்லி பிழையான வெட்டை சரியாக்க ஏலா.

கல்முனை_வெயில்:
எனக்கு வெட்டுப் பிரச்சினை இல்ல, ஏன் ஆம்பிளை உடுப்புப் போட்டாத்தான் பொம்பளைக்கு மரியாதை எண்டு நினைக்கிறீங்க? எங்கட உம்மா சாரியோட பஸ்ஸேறிப் போய் 28 வருசம் படிப்பிச்சவ, ஒருத்தரும் குறைவாப் பார்க்கல. அதோட இந்த வெக்கையில லைனிங் போட்ட கோட்டா?

நாவலடி_அலை:
மரியாதைக்கு இல்லகா, எனக்கு அந்த வெட்டு வடிவா இரிக்கு, அவ்வளவுதான். களிசான் ஆம்பிளைக்கு எண்டு எழுதியா வச்சிரிக்கு? எழுதித்தான் வச்சாங்க, பரிஸ் நகரத்தில 1800ல பொம்பளை களிசான் போட பொலிஸ் அனுமதி வேணும் எண்டு கட்டளை போட்டு, அது செல்லாது எண்டு மினிஸ்டர் வெளிப்படையாச் சொன்னது 2013லதான். வெக்கைக்கும் வழி இரிக்கு, இத்தாலி டிசைனர் அர்மானி லைனிங்கையும் தோள் பேடையும் கழட்டிப்போட்டு சட்டை மாதிரி விழுற கோட் தைச்சவர்தானே. மற்றது உள் பொக்கெட், ஃபோனைக் கையில பிடிச்சுக்கொண்டே நிக்கத் தேவையில்ல, அதைச் சின்ன விசயம் எண்டு சொல்லாதீங்க.

மருதமுனை_நூல்:
கோட்டுக்கு எங்கட தறித்துணி எடுங்க, சாரித்துணி மெல்லிசு, சாரன் துணி பாருங்க. வெட்ட முதல் ஒரு ராத்திரி தண்ணியில ஊறப்போட்டுக் காயவைங்க, இல்லாட்டி முதல் கழுவலோட கை கட்டையாப் போயிரும்.

பழைய_கத்தரி:
துணி சரி. ஆனா டாட் வேணாம் எண்டுறதுக்கு நான் இன்னும் சம்மதிக்கல. இடுப்புல வேணாமெண்டா அதைக் கமுக்கட்டு வெட்டுக்குள்ள திருப்பி வைக்கலாம், வெளியால தெரியாது, நெஞ்சுக்கும் இடம் கிடைக்கும். உங்கட தையல்காரரிட்ட இதைச் சொல்லிப் பாருங்க. பட்டன் எண்டாலும் பொம்பளைப் பக்கம் வைக்கச் சொல்லுங்க மகள்.

நாவலடி_அலை:
டாட்டுக்கு ஓம் அண்ணை, அது எனக்குத் தெரியாத விசயம், நாளைக்கே போய்ச் சொல்றன். பட்டனுக்கு மாட்டன். பட்டன் வலப்பக்கம், இடப்பக்கம் மேல வரும், ஆம்பிளைக் கோட்டில இரிக்கிற மாதிரியே.