கேலக்ஸி மோதலின் தடயம் எத்தனை வருஷம் தெரியும்?

இருள்வானம்: இரண்டு கேலக்ஸிகள் மோதி ஒன்றான பிறகு, இழுபட்ட விண்மீன்களாலான வால், வளைவெல்லாம் எவ்வளவு காலம் படத்தில் தெரியும்? ஓர் இடத்தில் 30 கோடி வருஷம், இன்னோர் இடத்தில் 400 கோடி என்று போட்டிருக்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

திசைகாட்டி: இரண்டும் சரிதான், எதை எண்ணுகிறார்கள் என்பதுதான் வேறு. உருவம் ஒரு பக்கம் கோணலாக இருப்பதை வைத்துக் கணக்கிட்டால் சில பத்துக் கோடி வருஷம்தான் வரும். வாயு நிறைய இருந்தால் சற்றுக் கூடும்.

மையத்திலிருந்து 10 கிலோபார்செக்கில் (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு), நொடிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஒரு விண்மீன் ஒரு சுற்றுச் சுற்ற 30 கோடி வருஷம் ஆகும். சில சுற்றுகளில் எல்லாம் கலந்துவிடும். 100 கிலோபார்செக்கில் ஒரு சுற்றுக்கே 300 கோடி. அதனால் தடயம் உள்ளே சீக்கிரம் அழியும், வெளியே தங்கும். மோதி ஒன்றான என்ஜிசி 7252 கேலக்ஸியைப் பாருங்கள்: நடுவில் ஒரே கரு, நீள்வட்ட கேலக்ஸி மாதிரி அடங்கிவிட்டது. வெளியே நீளும் இரண்டு வால்கள்தான் காட்டிக்கொடுக்கின்றன.

அடுக்குப்படம்: 400 கோடி என்பது ஓடுகளுக்கு (ஷெல்), அதாவது கேலக்ஸியைச் சுற்றித் தெரியும் மங்கலான வில் வளைவுகளுக்கு. சிறிய கேலக்ஸி ஒன்று பெரியதன் மையத்தை நோக்கி ஏறக்குறைய நேராக விழுந்தால், அதன் விண்மீன்கள் ஊசலாடி, திரும்பும் இடத்தில் வேகம் குறைந்து குவியும். அதுதான் ஓடு. என்ஜிசி 3923 கேலக்ஸியில் இருபதுக்கும் மேல் உண்டு. வால்கள் அவ்வளவு தாங்காது, 100–200 கோடி வருஷத்தில் மங்கிவிடும்.

ஆனால் "தெரியும்" என்பது படத்தின் ஆழத்தைப் பொறுத்தது. நல்ல இருட்டு வானமே சதுர ஆர்க்செகண்டுக்கு (வானத்தில் ஒரு மிகச் சிறிய பரப்பளவு) 22 மேக்னிட்யூட்; இந்த ஒளி அளவில் எண் கூடக் கூட மங்கல். பழைய ஓடுகள் 28-க்கு அருகில், அதாவது வானத்தின் 250-இல் ஒரு பங்கு. ஃப்ளாட்டில் (கேமராவின் சீரற்ற வெளிச்சத்தைச் சரிசெய்ய எடுக்கும் படம்) 1% பிசகினால் 27 மேக்னிட்யூடுக்குச் சமமான பொய்வெளிச்சம் வந்துவிடும், அப்புறம் ஓடுகளைத் தேடுவது வீண். வானப் பின்னணியைக் கழிக்கும்போது, மென்பொருள் அதை அளக்கப் படத்தைப் பிரிக்கும் கட்டம் கேலக்ஸியின் வெளிவட்டத்தைவிடச் சிறிதாக இருந்தால் மென்பொருளே வாலைத் தின்றுவிடும். கட்டத்தைப் பெரிதாக்கி, கேலக்ஸியை மாஸ்க் செய்துவிட்டு (கணக்கில் சேராமல் மறைத்துவிட்டு) கழியுங்கள். நம் பால்வெளியின் தூசு இழைகளும் வால் மாதிரியே தெரியும்; 100 மைக்ரான் அகச்சிவப்பு வரைபடத்தோடு ஒப்பிடாமல் எதையும் வால் என்று சொல்லாதீர்கள்.

திசைகாட்டி: பால்வெளியோடு 800–1,000 கோடி வருஷம் முன் கலந்த கையா-என்சலடஸ் என்ற சிறிய கேலக்ஸி, வானத்தில் வாலாகவோ வளைவாகவோ தெரிவதில்லை. 2018-இல், விண்மீன்களின் இடத்தையும் வேகத்தையும் அளந்த கையா விண்கலத்தின் தரவில், விண்மீன்களின் நீண்டு ஒடுங்கிய சுற்றுப்பாதைகளை வைத்துத்தான் பிடித்தார்கள். தனித்தனி விண்மீன்களின் வேகத்தை அளக்க முடியாத தூரத்து கேலக்ஸிக்கு இந்த வழி எடுபடாது.